கூலி நின்றால் யார் வாசலில் உட்காருவது?

போராட்டம் என்றதும் நம் பிள்ளைகள் முதலில் மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஃப்ளெக்ஸ். அதில் யார் யார் படம் போடுவது என்று ஒரு நாள் சண்டை. யாரிடம் என்ன கேட்கப் போகிறோம் என்ற பேச்சு கடைசியில், வேனில் ஏறும்போதுதான் வரும். நான் சொல்கிற வழி இதற்குத் தலைகீழ். மைக் கடைசி.

என்னைப் பற்றி இரண்டு வரி. ராமநாதபுரம் மாவட்டத்தில் தென்கடல் ஓரத்துக் கிராமம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசி எடுக்கக் கடலில் இறங்குவேன். மற்ற நாளில் நூறு நாள் வேலை கிடைத்தால் மண்வெட்டியோடு ஊருணிக் கரைக்குப் போவேன். ஊர்ப் பெண்கள் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். கூலி நிற்கும், ரேஷனில் பருப்பு வராது, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தெருவில் பாதிப் பேருக்கு ஏறும் மீதிப் பேருக்கு ஏறாது, டவுன் பஸ்ஸில் ஒரு நடை குறையும். இப்படி ஏதோ ஒன்றுக்காக எங்காவது போய் உட்கார வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில், எங்கே நின்றது?

செலவைக் குறைக்கிறோம் என்று எந்த அரசும் தெருவுக்கு வந்து தண்டோரா போடாது. 2022-23 மத்திய பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 73,000 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 60,000 கோடி. டிவியில் அது ஒரு வரிச் செய்தி. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அதன் முகமே வேறு. "இப்ப வேலை இல்லக்கா, அடுத்த மாசம் பார்ப்போம்." "நெட் கிடைக்கலை, போட்டோ ஏறலை." "ஆதார்ல உங்க பேரு வேற மாதிரி இருக்கு." 2023 ஜனவரியிலிருந்து செல்போன் செயலியில் காலையும் மதியமும் படம் எடுத்துத்தான் வருகைப் பதிவு. 2024 ஜனவரியிலிருந்து ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் கூலி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னச் சின்னக் கோளாறு. கூட்டிப் பார்த்தால்தான் வீட்டுக்கு வருகிற காசு குறைந்தது புரியும்.

அதனால் கூலி வரவில்லை என்று யாராவது வந்து நின்றால் உடனே கோஷத்துக்குப் போகாதீர்கள். கரைக்கு வந்த மீனைத் தரம் பிரிக்கிற மாதிரி வராத கூலியையும் பிரிக்க வேண்டும். பணம் நிற்கிற இடம் நான்கு.

என்.எம்.ஆர். என்கிற வருகைப் பட்டியலிலேயே பெயர் ஏறாமல் இருக்கலாம். இதற்கு ஆள் பணித்தளப் பொறுப்பாளரும் ஊராட்சி செயலரும். ஊருக்குள்ளேயே பேசித் தீர்க்கலாம். அடுத்தது, பெயர் இருக்கும், ஆனால் வேலையை அளந்து எழுதியிருக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் பணம் அனுப்பும் ஆணையை, ஆபீஸ் பாஷையில் எஃப்டிஓவை, போட்டிருக்க மாட்டார்கள். இது ஒன்றிய அலுவலகத்தின் வேலை. மூன்றாவது, எஃப்டிஓ போய்விட்டது, மேலே பணம் இல்லை. இது டெல்லி. நான்காவது, பணம் கிளம்பி வங்கிவரை வந்து திரும்பியிருக்கும். கணக்கு முடங்கியிருக்கும், அல்லது ஆதார் எப்போதோ தொடங்கிய வேறொரு கணக்கில் ஒட்டிக்கிடக்கும்.

இந்த நான்கில் மூன்றாவதுதான் நிதி வெட்டு. மற்றதை அதோடு கலந்து கொண்டுபோனால் அதிகாரிக்குக் கொண்டாட்டம். நூறு பேர் மனுவில் பத்துப் பேருக்கு வங்கித் தகராறு இருந்தால், அந்தப் பத்தைக் காட்டி நூறு பேரையும் வங்கிக்கு அனுப்பிவிடுவார்.

பிரிப்பது ஒரு சாயங்கால வேலை. ஜாப் கார்டு எண் இருந்தால் நூறு நாள் வேலைக்கான நரேகா இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தியும் ஒரு போனும் போதும். கோயில் திண்ணை, சர்ச் வராண்டா, பள்ளிவாசல் பக்கத்துத் திண்ணை, எங்கே சிக்னல் கிடைக்கிறதோ அங்கே உட்காருங்கள். நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள்: பெயர், கார்டு எண், எந்த வாரம், எத்தனை நாள், எங்கே நிற்கிறது. போனில் இருக்கிறதே, நோட்டு எதற்கு என்பார்கள். அலுவலகத்தில் போனை நீட்டினால் அவர் கண்ணாடியைத் தேடுவார். நோட்டை மேசையில் விரித்து வைத்தால் படித்தாக வேண்டும்.

ஓர் ஒன்றிய அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எழுத்தர் தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "உங்க ஊருக்கு எல்லாம் அனுப்பியாச்சும்மா, மேலதான் நிக்குது" என்றார். எங்களோடு வந்த மதினி ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்தான். "தம்பி, அந்தப் பெட்டியைச் செத்த இந்தப் பக்கம் திருப்புங்க" என்றார்.

"உங்களுக்கு இது புரியாதும்மா."

"புரியாட்டி என்ன, நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. நாங்க எழுதிக்கிறோம்."

திருப்பினார். இரண்டு வாரக் கூலிக்கு எஃப்டிஓ போயிருந்தது. மூன்றாவது வாரத்துக்குப் போடவே இல்லை. அளவு எழுதிய புத்தகம் ஓவர்சியர் மேசையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தது. அந்த வாரத்துக்காக டெல்லியைத் திட்டி என்ன பயன்? அன்று மதியத்துக்குள் அது கம்ப்யூட்டரில் ஏறியது. மீதி இரண்டு வாரத்துக்குத்தான் நாங்கள் உட்கார்ந்தோம்.

கையெழுத்து யாருடையது?

வெட்டு மேலேதான் என்று உறுதியானதும் அடுத்த கேள்வி: நம் எதிரே இருக்கிறவரால் எதில் கையெழுத்துப் போட முடியும்? இதைக் கண்டுபிடிக்காமல் கூப்பிட்ட போராட்டம் எல்லாம், "உங்கள் கோரிக்கையை மேலிடத்துக்கு அனுப்பிவைக்கிறேன்" என்ற ஒரு வரியில் முடிந்துபோகும். போட்டோ எடுப்பார்கள், டீ வரும், வேன் ஏறுவோம்.

டெல்லிப் பணத்தை ஒன்றிய அலுவலகத்து அதிகாரியான பிடிஓ தர முடியாது, சரி. தாமத இழப்பீட்டைக் கணக்குப் போட முடியும் அல்லவா? 2005 சட்டத்தின்படி கூலி பதினைந்து நாளுக்குள் வர வேண்டும். தாண்டினால் பதினாறாம் நாளிலிருந்து பாக்கியில் தினம் 0.05 விழுக்காடு இழப்பீடு. கணக்குப் பாருங்கள். 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 319 ரூபாய். ஆறு நாளுக்கு 1,914. அதற்கு ஒரு நாள் இழப்பீடு ஒரு ரூபாய்கூட வராது, 95 காசு சொச்சம். "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்" என்று எங்கள் ஆட்களே சிரித்தார்கள். சிரிக்கட்டும். இழப்பீட்டைக் கேட்டால், தாமதம் எத்தனை நாள், எந்த மேசையில் என்று அலுவலகம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்த வாசலுக்குத் தெம்பாகப் போகலாம். அரசுகள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு தொழிலாளியைக் காக்கவைக்கக் கூடாது என்பதை 2018 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

வேலையே தரவில்லை என்றாலும் இதே வழிதான். வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்க வேண்டும். பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி உண்டு: முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அப்புறம் பாதி. வாயால் கேட்டீர்கள் என்றால் 'யாரும் வேலை கேட்கவில்லை' என்றுதான் கணக்கில் ஏறும்.

இந்தச் சட்டத்தையே இப்போது மாற்றிவிட்டார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றியது. நூறு நாள் 125 ஆகிவிட்டது என்று தட்டி வைப்பார்கள். தட்டியில் வராத விஷயம் ஒன்று உண்டு. முன்பு மண் வேலைக் கூலி முழுக்க மத்திய அரசின் பொறுப்பு. புதிய சட்டத்தில் தமிழ்நாடு மாதிரி மாநிலங்கள் நூற்றுக்கு நாற்பது போட வேண்டும். ஆகவே இனி 'அவர்கள் தரவில்லை' என்று இரண்டு பக்கமும் சொல்லலாம். இரண்டு வாசலுக்கும் தனித்தனி மனு தயாராக இருக்க வேண்டும். பழைய நோட்டீஸில் இருந்து பிரிவு எண்களை அப்படியே எடுத்துப் போடாமல் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

டெல்லியை எங்கே போய்க் கேட்பது? மத்திய அரசுக்கு எங்கள் கரையில் இருக்கிற முகம் தபால் ஆபீஸும் ரயில்வே ஸ்டேஷனும்தான். அதனால் தலைமைத் தபால் நிலையம் முன்பு ஆர்ப்பாட்டம் என்பது வழக்கமாகிவிட்டது. பேப்பரில் படம் வரும், நல்லதுதான். போஸ்ட்மாஸ்டர் பாவம், அவர் என்ன செய்வார்? எம்.பி. செய்வார். அவரிடம் 'ஆவன செய்யுங்கள்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வியையே எழுதிக் கொடுங்கள்: ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இந்தத் தேதிவரை கூலிப் பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவீர்கள்? அமைச்சர் எழுத்தில் பதில் கொடுத்தால் அது அவைப் பதிவு. 2024 கடைசியில் தமிழ்நாடு முழுக்கக் கூலி நின்றபோது, 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று சொல்லி 2025 மார்ச்சில் அன்றைய மாநில ஆளுங்கட்சியே ஒன்றியம் ஒன்றியமாக ஆர்ப்பாட்டம் நடத்தியது. அந்தப் பெரிய தொகையில் நம் ஊர்ப் பங்கு எவ்வளவு என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

ஆளைக் குறிவைப்பதா, ஆணையைக் குறிவைப்பதா என்று வரும்போதெல்லாம் எனக்கு அக்கரையில் இருக்கிற இலங்கைதான் ஞாபகம் வரும். 2022 மார்ச்சில் விலைவாசி தாங்காமல் 16 பேர் இரண்டு படகில் தனுஷ்கோடிக் கடலோரம் வந்து சேர்ந்தார்கள். மண்டபம் முகாமில் வைத்தார்கள். பின்னாலேயே இன்னும் பலர் வந்தார்கள். ஏப்ரல் 9-ல் கொழும்பு காலிமுகத்திடலில் ஜனம் கூடியது, கூடாரம் போட்டது, அடுப்பு மூட்டியது. 'கோட்டா வீட்டுக்குப் போ' என்பதே கோஷம். ஜூலையில் அந்த ஜனாதிபதி கோட்டாபய நாட்டைவிட்டே போனார். அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் ஆகஸ்டிலேயே மின்கட்டணம் 75 விழுக்காடு ஏறியது. அதே மாதம் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது, அத்தனையும் நம்மைப்போலச் சின்ன இன்ஜின் வைத்திருக்கிற மீனவன் தலையில். அடுத்த பிப்ரவரியில் மின்கட்டணம் இன்னொரு 66 விழுக்காடு. மார்ச்சில் சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப். 290 கோடி டாலர் கடனுக்குச் சம்மதம் சொன்னது. ஆள் போய்விட்டார், ஆணைகள் வந்துகொண்டே இருந்தன. நோட்டீஸில் அமைச்சர் பெயரைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆணையின் எண்ணும் தேதியும் அதற்கு மேல் வரியில் இருக்கட்டும்.

மேடையில் சொன்னது பணம் ஆகாது

2023 ஆகஸ்ட் 18-ல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், தடைக்கால நிவாரணம் 5,000-லிருந்து 8,000 ஆகும் என்று முதல்வர் அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. தட்ட வேண்டியதுதான். ஆனால் அறிவிப்பு அரசாணையாக வேண்டும், நிதித்துறை ஒதுக்க வேண்டும், மீன்வளத்துறை பட்டியல் போட வேண்டும், கருவூலம் தாண்ட வேண்டும், அதற்கப்புறம்தான் வங்கிக் கணக்கு. இதில் எந்தப் படியிலும் ஓசைப்படாமல் ஒரு வருஷத்தைத் தள்ளிவிடலாம்.

எங்கள் பக்கம் விசைப்படகுத் தடை ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். நிவாரணம் தடை முடிந்தபின் வந்தால் அது வட்டிக்காரருக்குத்தான் போகும். ஆகவே மார்ச் மாதமே கேளுங்கள்: அரசாணை எண் என்ன, எங்கள் ஊர்ப் பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது? மீனவப் பெண்கள் சேமிப்புத் திட்டமும் அப்படித்தான். நாம் கட்டுவது 1,500. அரசின் பங்கு 3,000 சேர்த்து 4,500 ஆகக் கைக்கு வர வேண்டும். குறைந்து வந்தால் 'பணம் வரலை' என்று பொதுவாகப் புலம்பாமல், அரசின் பங்கில் எவ்வளவு வரவில்லை என்று கேளுங்கள்.

ஆணை எண் தரமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிய வெள்ளைத் தாள், பதிவுத் தபால். பதிலுக்கு 30 நாள். அதனால் போராட்டத்துக்கு முந்தின வாரம் அனுப்பிப் பயன் இல்லை, இரண்டு மாதம் முன்னால் போட்டு வைக்க வேண்டும்.

மனு

'தாழ்மையுடன்' வேண்டாம், உலக நிலவரமும் வேண்டாம். அரைப் பக்கம் போதும். எங்கள் மனு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எங்கள் ஊராட்சியில் ____ பேருக்கு, ____ முதல் ____ வரை செய்த வேலைக்கு ____ ரூபாய் கூலி வரவில்லை. பெயர்ப் பட்டியல் இணைத்துள்ளோம். நாங்கள் கேட்பது இரண்டு. எஃப்டிஓ போடாத வாரங்களுக்கு ____ தேதிக்குள் போட வேண்டும். போட்டும் பணம் வராத வாரங்களுக்குத் தாமத இழப்பீட்டைக் கணக்கிட்டு எழுத்தில் தர வேண்டும். ____ தேதிவரை பதில் இல்லையென்றால் ____ அன்று காலை 10 மணிக்கு அலுவலக வாசலில் அமைதியாகக் காத்திருப்போம்."

கடைசி வரிதான் மனுவுக்கு முதுகெலும்பு. அதைத் தைரியமாக எழுதுங்கள், எழுதிய தேதியில் போய் நில்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

கிராம சபையையும் விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. கூலிப் பாக்கி பற்றிய தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதி, சத்தமாக வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "அப்புறம் எழுதிக்கிறேன்" என்கிற செயலரிடம், "எழுதுங்க சார், நாங்க இருக்கோம், எங்களுக்கு அவசரம் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

நாள் பார்ப்பது

இதில் வெளியூர்த் தலைவர்கள் எப்போதும் கோட்டை விடுவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாள் குறித்தால் பாசிக்குப் போகிற பெண்கள் ஒருத்தியும் வர மாட்டாள். அந்தச் சில நாள் வருமானத்தில்தான் மாதம் ஓடுகிறது. வெள்ளி மதியம் ஜும்ஆ. ஞாயிறு பூசை, தவிர அலுவலகமும் பூட்டு. தை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூட்டம். போலீஸ் முழுக்க அங்கே.

செப்டம்பர், அக்டோபரை மறந்துவிடுங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்தச் சமயத்தில் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம். முன்பு 144, இப்போதைய சட்டத்தில் 163. கூலிக்காகத்தான் கூடினோம் என்று சொன்னாலும் எடுபடாது. அந்த மாதங்களை நோட்டு எழுதவும் தகவல் உரிமை மனு போடவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிக் காற்றில் பந்தல் நிற்காது. ஃப்ளெக்ஸ் கட்டுவதாக இருந்தால் அங்கங்கே பிறை வடிவத்தில் கத்தரித்துக் காற்றுக்கு வழி விடுங்கள், இல்லாவிட்டால் கம்போடு பறக்கும். தடைக்காலத்தில் விசைப்படகு ஆண்கள் ஊரில் இருப்பதால் கூட்டம் சேரும். குடித்துவிட்டு வருகிறவனும் சேருவான். அவனைத் திருப்பி அனுப்ப அவன் அக்காவையோ சின்னம்மாவையோ முன்னால் நிறுத்துங்கள், வேறு தொண்டர் படை தேவையில்லை.

என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம். மார்ச் 31-க்குள் ஒதுக்கிய பணத்தைச் செலவு காட்டியாக வேண்டிய அவசரம் அலுவலகத்துக்கே இருக்கும். நாம் சொல்வது அப்போது நன்றாகக் காது கேட்கும்.

போலீஸ், கேஸ், பாஸ்போர்ட்

ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19-வது பிரிவு தந்த உரிமை. ஆனாலும் கடிதம் கொடுத்துவிடுங்கள்: இடம், நேரம், ஏறக்குறைய எத்தனை பேர், மைக் உண்டா இல்லையா. நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். பல சங்கங்கள் அப்படிப் போய் அனுமதி வாங்கியிருக்கின்றன. வாய் வார்த்தையில் "வேணாம்மா" என்று சொன்னதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கைது என்றால் பெரும்பாலும் கல்யாண மண்டபம். வேனில் ஏற்றி, மதியம் பொட்டலச் சோறு கொடுத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். ஏறும்போது பெயரும் அப்பா பெயரும் எழுதுவார்கள், நாமும் நம் பக்கம் ஒரு பட்டியல் எழுதிக்கொள்ள வேண்டும். சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன்னால், விதிவிலக்கான நிலை தவிரப் பெண்களைக் கைது செய்யக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைப்பதென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும்.

ரயிலை மறிக்காதீர்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் அது பழகிப்போன ஆயுதம் என்று தெரியும். மீனவர்களைப் பிடித்துக்கொண்டுபோகிற விஷயத்தில் வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள், அதற்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கூலிப் பாக்கிக்கு அது வேண்டாம். ரயில்வே சட்டம் 174-வது பிரிவில் இரண்டு வருஷம்வரை சிறை இருக்கிறது.

இன்னொன்று. இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு ஒரு பையன் வளைகுடா போகிறவன், அல்லது போகக் காத்திருக்கிறவன். கேஸ் இருந்தால் பாஸ்போர்ட் விசாரணையில் மாட்டும். சாலை மறியல் என்று முடிவானால் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்ட பிள்ளைகளை முந்தின நாளே தண்ணீர்க் கேனுக்கும் சமையலுக்கும் ஒதுக்கிவிடுங்கள். கோழை என்று யாரும் சொல்லாதபடி அதைச் சங்கத்தின் முடிவாகவே அறிவிக்க வேண்டும்.

அரசு ஊழியர்களை முன்வரிசைக்கு இழுக்காதீர்கள். அங்கன்வாடி அக்காவுக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் நம்மைவிட விவரம் தெரியும். தெரிந்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்து வாங்காதீர்கள். 2003 ஜூலையில் ஓய்வூதியம் முதலான சலுகை வெட்டுகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1,70,000 பேரை மாநில அரசு ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் அவர்களுக்கு அடிப்படை உரிமை ஆகாது என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

உட்கார்ந்த பிறகு

குடிதண்ணீர் நாமே கொண்டுபோக வேண்டும். ஊரில் குடம் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நாம், அலுவலகக் குழாயை நம்பிப் போகலாமா? பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பல போராட்டம் பன்னிரண்டு மணிக்குக் கலைவது இதனால்தான், கட்சித் தலைவர்கள் அதைக் கட்டுரையில் எழுத மாட்டார்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் பெயரை ஒருத்தி வைத்திருக்கட்டும்.

பேச்சாளர் இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் நோட்டு எழுதிய பெண்ணாக இருக்கட்டும். "இன்னார், இந்த வாரம், ஆறு நாள், 1,914 ரூபாய்" என்று பட்டியலை மைக்கில் வாசித்தால் உள்ளே ஃபைல் புரட்டுகிற சத்தம் நிற்கும். இதற்குத்தான் மைக். வசனக் கோஷத்தை ஆட்டோவில் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் தலைவரை மட்டும் அனுப்பாதீர்கள். மூன்று பேர் போங்கள்: ஒருவர் பேச, ஒருவர் கணக்குச் சொல்ல, மூன்றாமவர் வாயே திறக்காமல் எழுத. "பார்க்கலாம்", "சீக்கிரம்", "மேலே பேசியிருக்கோம்" எல்லாம் பேச்சு. தேதி வேண்டும், பொறுப்பாளரின் பதவி வேண்டும், கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். "நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்று சில அதிகாரிகள் வருத்தப்படுவார்கள். "நாங்க நம்புறோம் சார். உங்களுக்கு நாளைக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா, வர்றவர் நம்பணும்ல" என்று சொல்லுங்கள். எங்களுக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

அந்தத் தாளை வெளியே கொண்டுவந்து எல்லோருக்கும் வாசித்த பிறகே எழுந்திருங்கள். அதிலுள்ள தேதி தவறினால் மறுநாள் போய்க் கேட்கப் போவது யார் என்று அங்கேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். மூன்று நகல்: ஒன்று சங்கத்தில், ஒன்று நோட்டுக்காரப் பெண்ணிடம், ஒன்று பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கு. பக்கத்து ஊருக்கு ஏன் என்றால், நமக்குக் கொடுத்த பதிலுக்கு மாறாக அவர்களிடம் சொல்ல முடியாமல் போகும்.

உண்டியல் காசை அன்று சாயங்காலமே எல்லோர் முன்னாலும் கொட்டி எண்ணுங்கள். வேன் வாடகை, தண்ணீர், சோறு, நகல் செலவு என்று வாசித்து, மீதி எவ்வளவு என்று சொல்லி, நோட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். மைக் செட்காரருக்கு மீதிப் பணத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் அடுத்த முறை அட்வான்ஸ் கேட்க மாட்டார்.